கடலோர ஊரில் வசிக்கும் நான் புதிய கோல்ஃப் செட் வாங்கும் முன் அளவெடுத்துக்கொள்வது அவசியமா?

துபாயில் வேலை பார்த்த காலத்தில் நண்பர்களின் மட்டைகளை இரவல் வாங்கி ஆடிப் பழகியதாகவும், இப்போது கீழக்கரைக்கே திரும்பிவிட்டதாகவும், உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் ஃபோர்ஜ்டு அயர்ன் (எஃகை அடித்து உருவாக்கிய தலை கொண்ட மட்டை) செட்டை துபாயிலிருந்தே வாங்கி அனுப்புவதாகவும் அளவெல்லாம் தேவையில்லை என்றும் தங்கள் மச்சான் சொல்கிறார். மண்டபம் ஊரில் வசித்துக்கொண்டு கொடைக்கானலிலும் சென்னையிலும் ஆடி வருபவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: முதலில் அளவெடுத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மட்டையைத் தேடுங்கள், நிறுவனத்தின் பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தடி ஐந்து என்றவுடன் நீளம் குறைந்த மட்டைதான் பொருந்தும் என்று பலர் சொல்லிவிடுவார்கள். உயரத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. காலணியோடு நிமிர்ந்து நின்று, கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை உள்ள தூரத்தை அளப்பார்கள். ஒரே உயரமுள்ள இருவரில் கை நீளமானவருக்கு இந்தத் தூரம் குறையும், கை குட்டையானவருக்குக் கூடும், அதற்கேற்ப மட்டையின் நீளமும் மாறும். இந்த அளவும் ஒரு தொடக்கப் புள்ளிதான். பந்தை அடிக்கும் நேரத்தில் முதுகு எவ்வளவு வளைகிறது, கைகள் எவ்வளவு தாழ்கின்றன என்பதை நின்ற நிலையில் எடுக்கும் எந்த அளவும் காட்டாது.

அதனால்தான் லை கோணத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாகப் படியும்போது ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) தரையோடு அமைக்கும் கோணமே லை. வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் கணத்தில் மட்டைத் தலையின் நுனி மேலே தூக்கிக்கொண்டு குதிப்பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய பக்கம்) தரையில் பட்டால் பந்து இடப்பக்கம் கிளம்பும். நுனி தரையைத் தோண்டினால் வலப்பக்கம் கிளம்பும். லாஃப்ட் (பந்தை மேலெழுப்பும் முகச் சாய்வு) கூடிய மட்டைகளில் இந்த விலகல் இன்னும் அதிகம். பொருந்தாத மட்டையோடு பல மாதம் பழகுபவர், பந்தை நேராக அனுப்புவதற்காகத் தம் உடலைக் கோணலாக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார், பிறகு அந்தப் பழக்கத்தைப் போக்க நெடுநாள் பிடிக்கிறது. இரவல் மட்டைகளால் ஆடிய தங்களுக்கு இது மிகவும் பொருந்தும். இதைச் சோதிக்க எளிய வழியும் இருக்கிறது. பந்தின் பின்புறத்தில் மார்க்கர் பேனாவால் தடித்த கோடு ஒன்றைப் போட்டு, கோடு செங்குத்தாக மட்டையைப் பார்த்து நிற்கும்படி வைத்து அடித்தால், அதன் தடம் மட்டை முகத்தில் பதியும். தடம் நேராக நின்றால் லை சரி, சாய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். தாங்கள் இரவல் வாங்கியவற்றில் பிங் மட்டை இருந்திருந்தால் அதன் வண்ணப் புள்ளியை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்நிறுவனம் லை கோணத்தை அந்தப் புள்ளியால்தான் குறிக்கிறது, கருப்பு அதன் இயல்பளவு.

அடுத்தது லாஞ்ச் மானிட்டர் வைத்திருக்கும் இடத்தில் பந்தடித்துப் பார்ப்பது. பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி, தரையில் விழும் வரை பறக்கும் தூரம் ஆகியவற்றை அந்தக் கருவி காட்டும். ஆகச் சிறந்த ஒற்றை அடியைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். எந்த ஷாஃப்டில் பந்துகள் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுகின்றன என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். லாஃப்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அயர்ன்களில் எண் ஏற ஏற லாஃப்ட் கூடும், தூரம் குறையும். முன்பெல்லாம் 7 அயர்ன் 34, 35 டிகிரியில் இருக்கும். இன்றைய செட்கள் பலவற்றில் அது 28, 30 டிகிரிக்கு இறங்கிவிட்டது. ‘இந்த 7 அயர்ன் கூடுதல் தூரம் போகிறது’ என்று விற்பவர் சொன்னால், பழைய 6 அயர்னின் மீது 7 என்று பொறித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் பிட்சிங் வெட்ஜும் (அயர்ன்களை அடுத்து வரும் குறுந்தூர மட்டை) 43, 44 டிகிரியில் நிற்கும், அதற்கும் 56 டிகிரி வெட்ஜுக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழும், அதை நிரப்ப 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் தனியாக வாங்க நேரும். விதிப்படி பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் தொடக்கத்தில் ஏழெட்டு போதும்.

இனி நம் கரைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். ஃபோர்ஜ்டு அயர்ன் பெரும்பாலும் மென்மையான கார்பன் எஃகால் ஆனது. அதனால் லை கோணத்தை எளிதில் வளைத்துச் சரிசெய்ய முடிகிறது, அடிக்கும்போது கைக்கும் இதமாக இருக்கிறது. துரு ஏறாமல் அதைக் காப்பது மேலே உள்ள குரோமியப் பூச்சு மட்டுமே. கீழக்கரையில் ஜன்னல் கம்பியை உப்புக்காற்று என்ன செய்கிறது என்பதைத் தாங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நம் ஊர்ப் பொட்டலில் பயிற்சி செய்தால் ஒவ்வோர் அடியிலும் மணல் அந்தப் பூச்சைச் சுரண்டும், சுரண்டிய இடத்தில் உப்பு நுழையும். எனவே தங்களுக்கு துருப்பிடிக்காத எஃகில் வார்த்த அயர்ன்களையே பரிந்துரைக்கிறேன். வார்ப்பு மட்டைகளில் பல கடினமானவை, பின்னால் அதிகம் வளைக்க இடம் தராதவை. ஆகவே லை கோணத்தை ஆர்டர் கொடுக்கும்போதே சரியாகக் குறிப்பிட்டுத் தொழிற்சாலையிலிருந்தே அப்படி வரவழைக்க வேண்டும், அதற்கும் அளவு முன்னதாகவே தேவை. பூச்சில்லாத வெட்ஜ்களை நம் பக்கத்தில் வாங்கவே வேண்டாம். ஸ்டீல் ஷாஃப்ட் பிடியின் துளை வழியாக ஈரம் இறங்கி உட்புறமாகத் துருப்பிடிக்கக்கூடியது. கிராஃபைட் (கார்பன் இழை) ஷாஃப்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, எடையும் குறைவு. பந்தடித்துப் பார்த்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தால் கிராஃபைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செட்டை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள், தலையையும் ஷாஃப்டையும் ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும், ரப்பர் பிடியும் இறுகிப்போகும். கை அதிகம் வியர்ப்பவர் என்றால் நூல் கலந்த பிடி நம் புழுக்கத்துக்கு ஏற்றது.

வெட்ஜின் அடிப்பாகம் அதன் முன்விளிம்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் பவுன்ஸ் என்றொரு கோணம் உண்டு. இளகிய மணலில் மட்டை புதைந்துவிடாமல் வழுக்கிச் செல்ல 12, 14 டிகிரி உதவும். இறுகிய தரையில் அதே மட்டை துள்ளிப் பந்தின் நடுவில் போய் இடிக்கும். தாங்கள் பயிற்சி செய்வது மணலில், ஆட்டம் ஆடப்போவது புல்தரையில் என்பதால் ஆடப்போகும் தரையை நினைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அறைக்குள் விரிப்பின் மீது அடித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது, பந்துக்கு முன்பே தரையில் பட்ட அடியைக்கூட விரிப்பு நல்ல அடியாகக் காட்டிவிடும். வெட்ஜை மட்டுமாவது புல்லில் சோதித்துப் பாருங்கள்.

இதேபோல, பாம்பன் பக்கத்துக் காற்றை எதிர்த்து அடித்துப் பந்து மேலேறி நின்றுவிடுகிறது என்பதற்காக லாஃப்ட் குறைந்த டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) தேடிப் போகாதீர்கள். காற்று தணிந்திருக்கும் அதிகாலை அடிகளையே கணக்கில் கொள்ளுங்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருப்பதால், சென்னையில் 150 கஜம் பறக்கும் பந்து அங்கே ஏறத்தாழ பத்துக் கஜம் கூடுதலாகப் பறக்கும். எந்த ஊரில் எடுத்த தூரம் என்பதையும் தாளில் குறித்துவைப்பது நல்லது.

மச்சான் வாங்கி அனுப்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அளவெடுக்க மட்டும் தாங்களே நேரில் போக வேண்டும், சென்னையிலோ பெங்களூரிலோ அடுத்த முறை துபாய் செல்லும்போது அங்கேயோ. நீளம், லை, லாஃப்ட், ஷாஃப்டின் பெயர், எடை, விறைப்பு, பிடியின் பருமன் ஆகியவற்றை எழுத்தில் வாங்கி மச்சானுக்கு அனுப்புங்கள். செட் வந்து சேர்ந்ததும் அதே மார்க்கர் கோட்டை ஒவ்வோர் அயர்னிலும் போட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒன்றில் தடம் சாய்ந்து விழுந்தால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் விற்றவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.