கல்லூரி ஆயத்தப் பயிற்சி: சேர்க்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியது என்ன?

"நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு எதற்குத் தனியாக ஒரு ஆயத்தப் பயிற்சி?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பள்ளியில் எதை எப்போது படிப்பது, எப்போது திருப்புதல், எப்போது தேர்வு என்று எல்லாவற்றையும் ஆசிரியர் வகுத்துக் கொடுத்துவிடுகிறார். வீட்டில் நீங்கள் எழுப்பிவிடுகிறீர்கள், நினைவூட்டுகிறீர்கள். கல்லூரியில் சேர்ந்த அன்றே இந்த வேலை மொத்தமும் பிள்ளையின் தலையில் வந்து இறங்குகிறது. முதல் செமஸ்டரில் தடுமாறுகிறவர்களில் பலருக்குப் பாடம் புரியாமல் இல்லை. தங்கள் நாளைத் தாங்களே நடத்திப் பழக்கமில்லை. நல்ல ஆயத்தப் பயிற்சி அதைத்தான் ஒத்திகை பார்க்க வைக்கும்.

எனவே பயிற்சியில் சேர்க்கும் முன் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். "முதல் செமஸ்டர் பாடத்தை இப்போதே முடித்துவிடுவோம்" என்று சொன்னால் கொஞ்சம் தயங்குங்கள். அப்படிப் படித்துவிட்டுப் போகிற பிள்ளை முதல் வாரங்களில் "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்று வகுப்பில் கவனத்தை விட்டுவிடும். பாடம் தெரிந்ததைத் தாண்டிப் போவது நான்காம், ஐந்தாம் வாரத்தில்தான். அப்போது எங்கே கோட்டைவிட்டோம் என்றே தெரியாது. நாள் முழுக்க ஊக்கப் பேச்சாகவே இருக்கும் முகாமும் அவ்வளவு பயன் தராது.

பயிற்சியின் முதல் நாளில் ஒரு சோதனைத் தேர்வு இருக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக வைப்பதாக இருக்கக் கூடாது. பின்னம், இயற்கணிதச் சுருக்கம், மடக்கை, அலகு மாற்றம் போன்ற பழைய அடிப்படைகளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அது. கல்லூரி ஆசிரியர் இவற்றைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு ஒரே வரியில் கடந்துவிடுவார்.

அடுத்தது நேரக் கணக்கு. இதைப் பயிற்சியில் செய்யாவிட்டாலும் வீட்டில் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து செய்துவிடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போனால் 112. வகுப்பும் லேபும் 25 என்று வைத்தால் மீதி 87. சாப்பாடு, குளியல், துணி துவைப்பு என்று நாளைக்கு 3 மணி நேரம் கழித்தால் 66. போகவர நாளைக்கு 2 மணி நேரப் பயணம் என்றால், ஐந்து நாளில் இன்னும் 10 போய்விடும். எஞ்சுவது 56. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு "இவ்வளவு நேரம் இருக்கிறதா!" என்ற எண்ணம்தான் முதலில் வரும். ஆபத்து அங்கேதான். இந்த நேரம் மொத்தமாகக் கையில் கிடைப்பதில்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே 50 நிமிடம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று சிதறிக் கிடக்கிறது. அந்த 50 நிமிடத்தில் என்ன செய்வது என்று முந்தின நாளே எழுதி வைக்காவிட்டால் அது போனில் கரைந்துவிடும். வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் தனியாக இரண்டு மணி நேரம் படிக்கச் சொல்வது பல கல்லூரிகளில் வழக்கம். அவ்வளவு முடியாவிட்டாலும், வகுப்புக்குச் சமமான நேரமாவது ஒதுக்கியாக வேண்டும்.

பாடத்திட்டம் கைக்கு வந்ததும் எல்லாப் பாடங்களின் அசைன்மென்ட் தேதி, இன்டர்னல் (செமஸ்டர் நடுவே கல்லூரியே வைக்கும்) தேர்வுத் தேதி, ரெக்கார்ட் (லேப் குறிப்பேடு) ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் தொலைவில் இருப்பதுபோல் தெரியும். ஒன்றாக எழுதினால் செமஸ்டர் நடுவில் மூன்று வேலைகள் ஒரே வாரத்தில் மோதுவது கண்ணில் படும். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒன்றையாவது முடித்துவிட வேண்டும்.

குறிப்பெடுப்பதற்கு கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் உருவாக்கிய முறையைப் பழக்கலாம். தாளின் இடப்பக்கம் 2½ அங்குலம் விட்டுக் கோடு போட வேண்டும். அடியிலும் 2 அங்குலம் விட வேண்டும். வகுப்பில் வலப்பக்கம் மட்டும் எழுத வேண்டும். அன்று மாலையே இடப்பக்கத்தில் கேள்விகளும் அடியில் இரண்டு வரிச் சுருக்கமும் எழுத வேண்டும். பிறகு வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். பல பிள்ளைகள் அழகாகக் கோடு போட்டு எழுதிவிட்டு, இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பலன் தருவது அதுதான். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின இரவு "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவது ஏன் ஏமாற்றிவிடுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

உதவி கேட்பதையும் பழக்கித்தான் அனுப்ப வேண்டும். ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சலைப் பயிற்சியிலேயே எழுத வைக்க வேண்டும். பெயர், வகுப்பு, பதிவு எண், எந்தக் கணக்கு, எதுவரை செய்து பார்த்தேன், எங்கே நின்றுவிட்டது, எப்போது வந்து பார்க்கலாம் என்று ஐந்தாறு வரி போதும். "சார், ஒன்றும் புரியவில்லை" என்று எழுதினால் எந்த ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையாக இருந்தால், கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்பு அலகு), எலெக்டிவ் (விருப்பப் பாடம்), கோர் பேப்பர் (கட்டாய முதன்மைப் பாடம்) போன்ற சொற்களுக்கும் பொருள் சொல்லித் தர வேண்டும். கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்காமலே இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு.

"இது எனக்கான இடம் இல்லையோ" என்ற பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியது. புது மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் இந்தப் பயம் வரும், நாளாக நாளாகக் குறையும் என்பதுதான் சாரம். பிறகு அதைத் தங்கள் சொற்களில் எழுத வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களின் மதிப்பெண்ணில் அதன் பலன் மூன்று ஆண்டுகள் தெரிந்தது. ஆகவே முகாமில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வந்து பேசுகிறார்களா, தாங்கள் திணறியதையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். ரேங்க் வாங்கியவர்கள் மட்டும் பேசினால் பயம் கூடத்தான் செய்யும்.

வீட்டில் உங்கள் பங்கும் உண்டு. கல்லூரி திறக்க ஆறு வாரம் இருக்கும்போது எழுப்பிவிடுவதை நிறுத்துங்கள். நான்கு வாரம் இருக்கும்போது ஒரு வாரச் செலவுப் பணத்தை மொத்தமாகக் கொடுங்கள். மூன்றாம் நாளே தீர்ந்தாலும் உடனே நிரப்பாதீர்கள். விண்ணப்பம், கட்டணம், சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் பிள்ளையே நிரப்பட்டும், நீங்கள் சரிபாருங்கள். சேர்க்கை கிடைத்ததற்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடையே கேட்டுச் சொல்லப் பள்ளியும் இருக்காது, கல்லூரியும் இன்னும் இருக்காது. ஒரு படிவத்தைத் தவறவிட்டே இடத்தை இழக்கிறவர்கள் உண்டு.

பயிற்சி நடத்துகிறவர்கள் கல்லூரி தொடங்கிய மூன்றாம் வாரத்திலும், முதல் இன்டர்னல் முடிந்ததும் மறுபடி பேசுவார்களா என்று கேளுங்கள். பேசமாட்டார்கள் என்றால் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எந்த ஆசிரியரிடம் என்ன கேட்டாய்? யாரோடு உட்கார்ந்து படித்தாய்?" என்று கேளுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் ஒரு பெயர்கூட வரவில்லை என்றால், மதிப்பெண் வரும்வரை காத்திருக்காமல், பிள்ளையிடம் சொல்லிவிட்டு வகுப்பு ஆலோசகரைப் போய்ப் பாருங்கள்.