இருட்டில் கார் தானாக பிரேக் பிடிக்கவில்லையா?
தெருவிளக்கில்லாத ரோட்டில் கறுப்புச் சட்டைக்காரர் குறுக்கே வந்தும் காரின் ஆட்டோ பிரேக் (எதிரே ஆள் வந்தால் தானாகவே பிரேக் போடும் வசதி) பிடிக்கவில்லை, சென்சார் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால் அநேகமாகப் பழுதில்லைங்க, அதன் லட்சணமே அவ்வளவுதான். பெரும்பாலான கார்களில் 'இது மனுஷன்' என்று கண்டுபிடிப்பது முன்கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கேமரா. அதற்கு வெளிச்சம் வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் ஓடும். லோ பீமுக்குள் ஆள் வந்தபின் மிஞ்சுவது சில நொடிதான். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ் 2022இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வசதியால் பாதசாரி மீதான மோதல் 27% குறைந்திருந்தது. ஆனால் விளக்கில்லாத இருட்டில் வித்தியாசமே இல்லை!

எதற்கும் கேமரா எதிரே கண்ணாடியைத் துடையுங்கள் (என் வண்டியில் பூச்சி அப்பியிருந்தது). கண்ணாடி மாற்றியிருந்தால் கேமராவுக்கு காலிப்ரேஷன் (பார்வைக் கோணத்தைச் சரிசெய்வது) செய்தார்களா என்று கேளுங்கள். எதிரே வண்டி வராதபோது ஹை பீம் போடுங்கள்.