மேக்னட்டார்ல இருந்து வர்ற எக்ஸ்ரே வெடிப்புக்கும் ஃபாஸ்ட் ரேடியோ பர்ஸ்டுக்கும் என்ன சம்பந்தம்? ஏலியன் சிக்னல்னு சொல்றாங்களே?

ஏலியன்னு ஏதோ வீடியோ பாத்துட்டு வந்திருப்பீங்க தம்பி, பரவால்ல. மேக்னட்டார்னா செத்த நட்சத்திரத்தோட சுருங்குன மிச்சம், காந்தம் ரொம்ப அதிகம். ஃபாஸ்ட் ரேடியோ பர்ஸ்ட், சுருக்கமா எஃப்ஆர்பி, மில்லிசெகண்ட் கணக்குல வந்துட்டுப் போற ரேடியோ வெடிப்பு.

எனக்கு ஊரு பாம்பன். 2023ல எம்எஸ்சி படிக்கிறப்ப இதே தலைப்புலதான் செமினார் எடுத்தேன், எடுத்து அசிங்கப்பட்டேன். சித்தப்பா ராத்திரி வல்லத்துல போறப்ப பழைய டிரான்சிஸ்டர்ல இலங்கை ஸ்டேஷன் வச்சிருப்பாரு. தலைமன்னார் பக்கம் மின்னல் வெட்டுனா வெளிச்சமும் ரேடியோல கர்ருன்னு இழுக்குறதும் ஒன்னா வரும், இடி பொறவுதான், சில நேரம் இடியே கேக்காது. கர்ரு கூடிப்போச்சுன்னா "வலைய வாங்குடா"ம்பாரு. ஒரே மின்னல்தான், கண்ணுக்கு ஒரு சேதி, ரேடியோவுக்கு ஒரு சேதி. செமினாரையே இப்படித்தான் ஆரம்பிச்சேன்.

2020 ஏப்ரல் 28ல நடந்ததும் இதுதான். எஸ்ஜிஆர் 1935+2154, நம்ம பால்வீதிக்குள்ளயே இருக்குற மேக்னட்டார். பூமியோட காந்தம் அரை காஸ் (காந்த பலத்த அளக்குற அலகு) சுமாருக்கு, இந்த ஜாதி நட்சத்திரத்துக்கு 100 லட்சம் கோடி காஸ்ங்குற கணக்கு. அந்தக் காந்தம் முறுக்கி அறுந்தா எக்ஸ்ரே கொட்டும். கொட்டுனத சீனாவோட இன்சைட், ஐரோப்பாவோட இன்டெக்ரல்னு செயற்கைக்கோள் எல்லாம் பாத்துச்சு, ரேடியோ வெடிப்ப கனடாவோட சைம் டெலஸ்கோப்பும் அமெரிக்காவுல ஸ்டேர்2ங்குற ரேடியோ ஆண்டெனாக்களும் புடிச்சுச்சு. நமக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் நடுவுல கெடக்குற எலக்ட்ரான் இழுத்து வைக்கிறதால சைம்ல ரேடியோ சில செகண்ட் லேட்டு, அதக் கழிச்சுப் பாத்தா எக்ஸ்ரே முள்ளும் ரேடியோ முள்ளும் பொருந்துது.

உடனே எல்லா எஃப்ஆர்பியும் மேக்னட்டார்தானான்னு சண்டைக்கு வராதீங்க, நான் அப்படிச் சொல்லல. அதே நட்சத்திரம் 29 தடவ வெடிச்சப்ப சீனாவோட ஃபாஸ்ட்ங்குற ரேடியோ டெலஸ்கோப் பாத்துக்கிட்டேதான் இருந்துச்சு, ரேடியோல ஒரு சத்தமும் இல்ல. மின்னல்னா கர்ரு உண்டு, இங்க அபூர்வமாத்தான். ரேடியோ நட்சத்திரத்துக்கு ஒட்டியே பொறக்குதா, தள்ளிப் போயி பொறக்குதாங்கறதுலயும் இன்னும் அடிதடிதான்.

நியாயமா சாரு என் உவமைல இந்த ஓட்டையத்தான் புடிச்சிருக்கணும். அவரு "மீன்புடி கதையெல்லாம் இங்க எதுக்கு"ன்னாரு, கிளாஸே சிரிச்சுச்சு. அதுக்கு முன்னாடியே லேட்டா வந்தேன்னு ஒரு பாட்டு. பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில நிறுத்திட்டாங்க, புதுப் பாலம் தொறந்தது 2025 ஏப்ரல்ல. அதுவரைக்கும் மண்டபம் போயித்தான் ரயில் ஏறணும், விடியக்காலைல பஸ்ஸுல நிக்கக்கூட இடம் இருக்காது, மீன்கூடைய ஏத்தக்கூடாதுன்னு கண்டக்டர் ஒருபக்கம் கத்துவாரு. மதுரைல உக்காந்திருக்கவருக்கு இது எங்க தெரியப்போகுது.