அப்பா ஏன் செவன்த் ஹெவனுக்குப் போனார்?

கேள்வி: நாங்கள் டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு. உணர்ச்சிகளைச் சொல்லும் ஆங்கில இடியம்ஸ் (மரபுத்தொடர்கள்) நாற்பதைப் பட்டியல் போட்டு, பக்கத்தில் இந்தி அர்த்தத்தையும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால்தான் வம்பு. ‘நான் கிளாஸை உடைத்ததும் அப்பா செவன்த் ஹெவனில் இருந்தார்’ என்று எழுதுகிறாள். பாட்டி இறந்ததைப் பற்றி எழுதும்போது வீடே ‘டவுன் இன் த டம்ப்ஸ்’ என்கிறாள். இந்தியில் எனக்குப் பேச்சு மட்டும்தான் வரும். வீட்டில் தமிழ். எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது? மூன்றையும் கலந்தால் குழம்பிவிடுவாளா?

பதில்: அந்த முதல் வாக்கியத்துக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் மகள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். இந்தியில் ‘குஸ்ஸா சாத்வே ஆஸ்மான் பர்’ என்றால் கோபம் ஏழாவது வானத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். பள்ளி வேனிலும் டிவியிலும் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும் பேச்சு அது. பட்டியலில் ‘செவன்த் ஹெவன்’ என்று பார்த்ததும் ஏழும் சரியாக இருக்கிறது, வானமும் சரியாக இருக்கிறது, போட்டுவிட்டாள். இந்தியில் அந்த ஏழாவது வானத்துக்குச் சந்தோஷமும் ஏறும், கோபமும் ஏறும். ஆங்கிலத்தில் சந்தோஷத்துக்கு மட்டும்தான் அங்கே இடம்.

எனவே கோளாறு அவளுடைய ஞாபகசக்தியில் இல்லை, அர்த்தம் எழுதியிருக்கும் விதத்தில் இருக்கிறது. ‘ஓவர் த மூன்’, ‘ஆன் கிளவுட் நைன்’, ‘செவன்த் ஹெவன்’ மூன்றுக்கும் நேரே ‘பஹுத் குஷ் ஹோனா’ என்றுதான் போட்டிருப்பார்கள். ரொம்ப சந்தோஷம், அவ்வளவுதான். உணர்ச்சியின் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் எவ்வளவு சந்தோஷம், எத்தனை நேரம் நிற்கும், யார் யாரிடம் எப்போது சொல்லலாம் என்று எதுவும் இல்லை. இடியத்தின் உயிரே இந்த மூன்றில்தான்.

பாட்டி விஷயத்தைப் பாருங்கள். ‘டவுன் இன் த டம்ப்ஸ்’ என்பதற்கு ‘உதாஸ் ஹோனா’ (சோகமாக இருப்பது) என்று போட்டிருந்தால் அது தப்பே இல்லை. ஆனால் அது மேட்சில் தோற்றதற்கு, மழையால் பிக்னிக் நின்றுபோனதற்கு, தோழி வேறு செக்‌ஷனுக்குப் போனதற்குச் சொல்வது. இரண்டு மூன்று நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவோமே, அந்தச் சோர்வு. சாவு வீட்டில் அதைச் சொன்னால் விளையாட்டுத்தனமாகக் கேட்கும். துக்கத்துக்கு இடியமே வேண்டாம், நேராகவே எழுதலாம் என்பதையும் குழந்தைக்குச் சொல்லுங்கள். இதை எந்தப் பட்டியலும் சொல்லித்தராது.

இனி மொழிக்கு வருவோம். இந்தியை ஒதுக்க வேண்டாம். இந்தி ‘அர்த்தத்தை’ மட்டும் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் இந்தி முஹாவராவை, அதாவது இந்தியின் இடியத்தை, போடுங்கள். ‘ஓவர் த மூன்’ என்பதற்கு எதிரே ‘பஹுத் குஷ் ஹோனா’ எழுதாமல் ‘ஃபூலே ந சமானா’ என்று எழுதட்டும். பூரித்துப்போய்த் தன்னுடம்புக்குள் தானே அடங்காத சந்தோஷம். மூன்றாவதாக உங்கள் பங்குக்குத் தமிழில் ‘தலைகால் புரியவில்லை’ என்று சேருங்கள். அர்த்தத்தைத் தனியே விளக்க வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். தாய்மொழியில் அவள் ஏற்கெனவே இப்படித்தான் பேசுகிறாள். ஆங்கிலக்காரர்களும் இப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்தால் போதும்.

இப்படி எதிரெதிரே எழுதத் தொடங்கினால் சில ஜோடிகள் அச்சு அசலாகப் பொருந்தும். ‘க்ரோக்கடைல் டியர்ஸ்’, ‘மகர்மச் கே ஆன்ஸூ’, ‘முதலைக் கண்ணீர்’. இரத்தம் மூன்று மொழியிலும் கொதிக்கிறது: ‘ப்ளட் பாயில்’, ‘கூன் கௌல்னா’. அழுகை முட்டும்போது தொண்டையில் ஏதோ செய்வதும் எல்லோருக்கும் பொது: ஆங்கிலத்தில் அங்கே ஒரு கட்டி, இந்தியில் ‘கலா பர் ஆனா’, நமக்குத் தொண்டை அடைக்கிறது. முதல் வாரத்துக்கு இவை போதும். குழந்தைக்குத் தைரியம் வரும்.

அடுத்தது படம் வேறு, உணர்ச்சி ஒன்று. இதில்தான் எனக்கு ஆசை அதிகம். ஆச்சரியத்துக்கு ஆங்கிலேயருக்குத் தாடை தொங்குகிறது. இந்திக்காரர் பல்லுக்கடியில் விரலை வைக்கிறார், ‘தாந்தோ தலே உங்க்லீ தபானா’. நாம் மூக்கின்மேல் விரலை வைக்கிறோம். மூன்று முகத்தையும் வரையச் சொல்லுங்கள். பிறகு அவள் மறக்க மாட்டாள்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. படம் ஒன்றுபோலவே இருக்கும், உணர்ச்சி வேறாக இருக்கும். ஏழாம் வானம் அந்த வகை. வயிறு இன்னொன்று. ஆங்கிலத்தில் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறந்தால் மேடை ஏறுவதற்கு முன் வரும் படபடப்பு. இந்தியில் ‘பேட் மே சூஹே கூத்னா’, வயிற்றில் எலி குதித்தால் வெறும் பசி. தமிழ் சினிமா தயவில் நம் பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சி என்றால் காதல். நம் ‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ பக்கத்தில் வருகிறது, ஆனால் கனம் அதிகம். ரிசல்ட் வரும் நாளில், அப்பாவுக்கு ஸ்கூலிலிருந்து போன் வரும்போது கரையும் புளி அது. பட்டாம்பூச்சியில் கொஞ்சம் ஆவலும் கலந்திருக்கும், புளியில் ஆவலே கிடையாது. இந்த வித்தியாசத்தைப் பத்து வயதுப் பிள்ளை அழகாகப் பிடித்துக்கொள்ளும், கேட்டுத்தான் பாருங்களேன்.

நிறங்களும் இப்படித்தான். ‘ஃபீலிங் ப்ளூ’ என்றால் ஆங்கிலத்தில் வருத்தம். இந்தியில் ‘நீலா-பீலா ஹோனா’, அதைவிட அதிகம் புழங்கும் ‘லால்-பீலா ஹோனா’, இரண்டும் கோபம். நீலம் கண்ணில் பட்டதும் கோபம் என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. தமிழில் முகம் சிவந்தால் கோபம் அல்லது வெட்கம், வெளுத்தால் பயம், கறுத்தால் மனவருத்தம். பொறாமைக்கு ஆங்கிலத்தில் பச்சை நிறம். நமக்கு அதற்கு நிறமே இல்லை, வயிற்றெரிச்சல்தான். இந்திக்காரருக்கோ மார்மேல் பாம்பு புரள்கிறது, ‘சீனே பர் சாம்ப் லோட்னா’. கேட்டதும் ‘ஐயோ’ என்பாள், அன்றைக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

சூடும் குளிரும் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். குளிர் நாட்டில் வெதுவெதுப்புதான் சுகம். அதனாலோ என்னவோ ஆங்கிலத்தில் அன்பு பெரும்பாலும் ‘வார்ம்’, அன்பில்லாதது ‘கோல்ட்’. நமக்கு நேரெதிர். மனசு குளிர்கிறது, வயிறு குளிர்கிறது. இந்தியில் ‘கலேஜே மே டண்டக்’, ஈரல் குளிர்கிறது. (எதிரிக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் அந்த ஈரல் குளிரும், அது வேறு கதை.) பாட்டி சமையலைச் சாப்பிட்டு என் மனசு குளிர்ந்தது என்று அவள் ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவர் பாட்டிமேல் பாசமே போய்விட்டது என்று நினைப்பார்.

‘கோல்ட் ஃபீட்’ இந்தக் குளிரோடு சேர்ந்து இன்னும் குழப்பும். பட்டியலில் ‘டர்னா’ (பயப்படுவது) என்று இருந்தால், நாயைப் பார்த்துக் ‘கோல்ட் ஃபீட்’ வந்தது என்றுதான் எழுதுவாள். அது நாயைப் பார்த்து வருவதல்ல. நாட்டியப் போட்டிக்குப் பெயர் கொடுத்து, டிரெஸ் தைத்து, மேடை ஏறும் நேரத்தில் ‘நான் வரலை’ என்பது. தமிழில் ஜகா வாங்குவது என்போமே, அதேதான். நாயைக் கண்டு கை கால் வெலவெலத்தால் இந்தியில் ‘ஹாத்-பாவ் ஃபூல்னா’ இருக்கிறது.

அப்புறம் ஒரு இலக்கணச் சிக்கல். ‘எனக்குக் கோபம் வந்தது’, ‘முஜே குஸ்ஸா ஆயா’: தமிழிலும் இந்தியிலும் உணர்ச்சி எங்கிருந்தோ நம்மிடம் வருகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஐ’ என்று ஆள் முன்னால் நிற்பார். இதனால் பிள்ளைகள் இடியத்தைச் சரியாகச் சொல்லி வினைச்சொல்லில் வழுக்குகிறார்கள். ‘ஐ ஆம் பட்டர்ஃப்ளைஸ்’ என்று எழுதித் தானே பட்டாம்பூச்சி ஆகிவிடுகிறார்கள். இடியத்தைத் தனியாக ஒருபோதும் எழுதவிடாதீர்கள். ‘ஐ ஹேவ் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்’, ‘ஐ வாஸ் ஓவர் த மூன்’, ‘ஷீ காட் கோல்ட் ஃபீட்’ என்று ஆளும் வினையும் சேர்ந்த முழு வாக்கியமாகவே நோட்டில் ஏறட்டும். காலம் மாறலாம், ஆள் மாறலாம். பட்டாம்பூச்சி ஒற்றையாகக் கூடாது, கிளவுட் நைன் டென் ஆகக் கூடாது.

வீட்டில் எப்படிச் செய்வது? நாற்பதையும் ஒரே மூச்சில் விழுங்கவைக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு உணர்ச்சி, அதில் மூன்று நான்கு இடியம். நோட்டில் அகரவரிசை வேண்டாம். கோபத்துக்கு ஒரு பக்கம், பயத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, கீழே லேசானது, மேலே உச்சம் என்று ஏணிப்படியாக எழுதச் சொல்லுங்கள். கோபத்தின் ஆங்கில ஏணி ‘ஹாட் அண்டர் த காலர்’ என்று தொடங்கி, ‘ஸீ ரெட்’ வழியாக ‘ஹிட் த ரூஃப்’ வரை போகும். இந்தியில் மூஞ்சியை உப்பவைக்கும் ‘மூஹ் ஃபுலானா’, அடுத்து ‘லால்-பீலா’, உச்சத்தில் ‘ஆக்-பபூலா’. தமிழ் ஏணியை அவளே கட்டட்டும். உம்மென்று இருப்பது எங்கே, தாம்தூம் என்று குதிப்பது எங்கே என்று உங்களோடு சண்டை போட்டு முடிவு செய்யட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சாகவும் இழுக்கலாம். ‘இன்னிக்கு ஸ்கூல்ல யாருக்காவது பட்டர்ஃப்ளை பறந்துதா?’ என்று கேளுங்கள். ‘பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்குன்னு சொன்னதும் ஆரவ்வுக்குப் பறந்துது.’ ‘பறந்துதா, புளி கரைஞ்சுதா?’ ‘அவனுக்குப் புளிதாம்மா, மேத்ஸ்ல ஏழு மார்க்.’ இந்த ஒரு நிமிடப் பேச்சில் அளவு, நேரம், ஆள் மூன்றும் வந்துவிட்டன. ஒன்று கவனியுங்கள்: அவள் உண்மையிலேயே அழுதுகொண்டிருக்கும்போது ‘இதுக்கு இடியம் என்ன சொல்லு பார்க்கலாம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். எரிச்சல்தான் வரும்.

உங்களுக்கு இந்தி அரைகுறை என்பதில் கவலையே வேண்டாம். இந்த விஷயத்தில் அவள் டீச்சர், நீங்கள் ஸ்டூடன்ட். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போய், ரொம்ப பயந்தால் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். இலக்கணப் புத்தகத்தில் இல்லாததெல்லாம் கிடைக்கும். கேட்டு வருவதில் சில முழு வாக்கியமாக இருக்கும்; அவை லோகோக்தி, நம் பழமொழி மாதிரி. முஹாவரா வாக்கியத்துக்குள் கரைகிற தொடர், பழமொழி தனியாக நிற்கும். ‘சிந்திய பாலுக்கு அழாதே’ என்பதை இடியம் பட்டியலில் சேர்த்திருந்தால் அதைத் தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

மூன்று மொழியால் குழம்பிவிடுவாளா என்று கேட்டிருந்தீர்கள். அவளைக் குழப்பியது மூன்று மொழி அல்ல, அவை சத்தமில்லாமல் தலைக்குள் கலந்தது. எதிரெதிரே எழுதி, இது ஒன்று, இது வேறு என்று பார்த்துவிட்டால் கலப்பது குறையும். தம்பி தங்கை இருந்தால் அவர்களை இதில் இழுக்க வேண்டாம். ஏழெட்டு வயதுக்கு முன் பல பிள்ளைகள் சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். அப்பா கூரையில் முட்டிக்கொண்டார் என்றால் மண்டையில் அடிபட்டதா என்று பார்க்க ஓடுவார்கள். பெரியவளுக்கும் கதைக்குள் வந்தால் புரிவது, தனியாக நின்றால் புரியாமல் போகலாம்.

இடியம் எப்படிப் பிறந்தது என்று யூட்யூபில் வரும் கதைகளுக்கு நேரம் செலவிடாதீர்கள், பலவும் பின்னால் கட்டிவிட்டவை. ‘ப்ளீஸ்ட் அஸ் பஞ்ச்’ (இதுவும் ரொம்ப சந்தோஷம்தான்) போன்று இன்றைக்கு ஆங்கிலக் குழந்தைகளே அதிகம் பேசாதவற்றைப் பரீட்சைக்கு மட்டும் படித்தால் போதும்.

பரீட்சை என்றதும் ஒன்று. ‘அர்த்தம் எழுதுக’ என்ற கேள்விக்குப் பள்ளி கொடுத்த இந்தி அர்த்தத்தையே அவள் எழுதட்டும். ‘பஹுத் குஷ் ஹோனா’வுக்குத்தான் மார்க். அந்தப் பகுதியைத் தேர்வுக்கு முந்தின வாரம் ஒப்பித்துக்கொள்ளலாம், அதில் அவள் ஏற்கெனவே கெட்டி. வாக்கியம் அமைக்கும் கேள்விக்கு மட்டும், ஒவ்வொரு இடியத்துக்கும் தன் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து ஒரு வாக்கியம் இப்போதே தயார் செய்துவைக்கச் சொல்லுங்கள். கிளாஸ் உடைந்த கதையும் வரட்டும், ‘ஹிட் த ரூஃப்’ என்று மாற்றிக்கொண்டு.