வாசகர் கேள்வி – பதில்: நட்சத்திரம் எத்தனை, கொடுத்தது யார்?

சென்ற இதழில் மின்விசிறி வாங்குவது பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர லேபிள் கட்டாயமாகிவிட்டது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தோம். பதிலை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. ஆகவே இந்த இதழ் முழுவதும் நட்சத்திரங்களுக்கே.

என் அண்ணன் 2021-இல் வாங்கிய ஒன்றரை டன் ஏசியில் 5 நட்சத்திரம் இருக்கிறது. அதே கம்பெனியின் அதே மாடலை 2023-இல் நான் வாங்கியபோது 4 நட்சத்திரம்தான் ஒட்டியிருந்தது. பொருள் மட்டமாகிவிட்டதா, அல்லது அண்ணனை ஏமாற்றிவிட்டார்களா?
— ஒரு வாசகி, திருச்சி

இரண்டும் நடக்கவில்லை. உங்கள் இருவரிடமும் இருப்பது ஒரே இயந்திரம்தான். நடுவில் அளவுகோலை உயர்த்திவிட்டார்கள். இந்த லேபிள் திட்டத்தை மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கியது; கடைகளில் பி.இ.இ. என்று சொல்வது இந்த அமைப்பைத்தான். ஏசிக்கு நட்சத்திரம் கொடுப்பதற்கு ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணை அது பயன்படுத்துகிறது. ஒரு பருவம் முழுவதும் அந்த ஏசி அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தை, அதற்காக அது செலவழிக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருகிற எண் அது. வெளி வெப்பநிலை 24 டிகிரி முதல் 43 டிகிரி வரை மாறிக்கொண்டிருக்க, ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள்.

2018 முதல் 2022 ஜூன் வரை, ஸ்பிளிட் ஏசியில் இந்த எண் 4.50 இருந்தாலே 5 நட்சத்திரம் கிடைத்தது. 2022 ஜூலையில் அதே 5 நட்சத்திரத்துக்கான வாசல் 5.00 ஆக உயர்ந்தது, 4.40 முதல் 4.99 வரை உள்ளவை 4 நட்சத்திரத்துக்கு இறங்கின. உங்கள் மாடலின் எண் 4.6 அல்லது 4.7 என்ற அளவில் இருக்கக்கூடும். லேபிளில் அச்சிட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி அவ்வப்போது வரம்பை உயர்த்துவது வேண்டுமென்றே செய்யப்படுவது. உயர்த்தாவிட்டால் சில ஆண்டுகளில் எல்லா ஏசியும் 5 நட்சத்திரமாகிவிடும், பிறகு லேபிளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு லேபிளிலும் அது எந்தக் காலம்வரை செல்லும் என்பதையும் போடுகிறார்கள். கடையில் பழைய சரக்கைத் தள்ளுபடியில் தரும்போது பெரும்பாலோர் நட்சத்திரத்தை எண்ணுகிறார்களே தவிர, அந்தக் காலத்தைப் படிப்பதில்லை.

என்னைக் கேட்டால், லேபிளில் நட்சத்திரத்தைவிடப் பயனுள்ளது ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கிற எண்தான். ஓர் ஏசியில் 800, இன்னொன்றில் 1000 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1600 ரூபாய் வித்தியாசம். முதல் ஏசியின் விலை 8000 ரூபாய் கூடுதல் என்றால் ஐந்தாண்டில் அந்தப் பணம் திரும்பிவிடும். ஆனால் இது 1600 மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்கான கணக்கு, அதாவது நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் இருநூறு நாள். சித்திரை, வைகாசி இரண்டு மாதம் இரவில் மட்டும் எட்டு மணி நேரம் போடுகிற வீட்டில் ஆண்டுக்கு 480 மணி நேரம்தான் ஆகும். அங்கே மிச்சமாவது 60 யூனிட், 480 ரூபாய். அந்த 8000 ரூபாயை எடுப்பதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், ஏசி அதுவரை இருக்குமா என்பதே சந்தேகம். அந்த வீட்டுக்கு 3 நட்சத்திரமே போதும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

எங்கள் வீட்டுச் சிறிய ஃபிரிட்ஜ் 2 நட்சத்திரம். பக்கத்து வீட்டில் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கி, 5 நட்சத்திரம் என்று பெருமைப்படுகிறார்கள். அவர்களுக்குத்தான் கரண்ட் பில் குறையுமா?
— ஒரு வாசகர், விருதுநகர்

அப்படிச் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜின் நட்சத்திரம் அதன் வகையையும் கொள்ளளவையும் வைத்துத் தரப்படுவதால், பெரிய ஃபிரிட்ஜ் தன்னைப் போன்ற பெரிய ஃபிரிட்ஜுகளோடுதான் போட்டியிடுகிறது. இரண்டு லேபிள்களிலும் உள்ள ஆண்டு யூனிட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் 2 நட்சத்திரம் குறைவாகக் குடிப்பதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

எங்கள் ஊரில் ஒரு லாட்ஜ் வாசலில் ‘3 ஸ்டார் வசதிகள்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுப்பது யார்? துபாயில் ஏழு நட்சத்திர ஹோட்டல் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

இந்தியாவில் ஹோட்டல்களை வகைப்படுத்துவது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு. குறைந்தது பத்து அறைகளாவது இருக்கும் ஹோட்டல் தானாக முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும்; குழுவினர் நேரில் வந்து அறை, குளியலறை, சமையலறை, தீயணைப்பு ஏற்பாடு, ஊழியர் பயிற்சி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து 1 முதல் 5 வரை நட்சத்திரமும், அதற்கு மேல் 5 நட்சத்திர டீலக்ஸ் என்ற வகையும் தருகிறார்கள். அந்தச் சான்று ஐந்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பலகையில் ‘வசதிகள்’ என்ற சொல் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். வரவேற்பு மேசையில் சான்றிதழைக் காட்டச் சொன்னால் விஷயம் தெரிந்துவிடும்.

இந்த நட்சத்திரம் என்னென்ன வசதி இருக்கிறது என்பதை அளக்கிறதே தவிர, உபசரிப்பின் ருசியை அளப்பதில்லை. முறையான சான்றிதழை வாசலிலேயே மாட்டியிருந்த ஓர் ஊரின் 3 நட்சத்திர ஹோட்டலில் நான் தங்கியிருக்கிறேன். லிஃப்ட் இருந்தது, குளியலறையில் வெந்நீர் இருந்தது, விடியற்காலையில் கேட்ட காபி மட்டும் எட்டரை மணிக்கு ஆறிப்போய் வந்தது. எந்தக் குழுவின் படிவத்திலும் காபியின் சூட்டுக்கு ஒரு கட்டம் இருக்காது போலும்.

ஆனாலும் அந்தச் சான்றுக்குச் சட்டத்தில் எவ்வளவு எடை உண்டு என்பதைக் கேரளத்தில் பார்க்கலாம். 2014-இல் அங்கிருந்த அரசு மதுக்கூட உரிமத்தை 5 நட்சத்திர ஹோட்டல்களுக்கு மட்டும் என்று சுருக்கியது; அதை எதிர்த்த மற்ற ஹோட்டல்காரர்கள் 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆட்சி மாறிய பிறகு, 2017-இல், 3 நட்சத்திரத்துக்கும் மேலுள்ளவற்றுக்கும் உரிமம் என்று ஆனது. சுற்றுலாப் பயணிக்காக ஏற்பட்ட ஓர் அடையாளம், ஒரு மாநிலத்தில் யார் வியாபாரம் செய்யலாம் என்பதையே தீர்மானித்துவிட்டது.

ஏழு நட்சத்திரம் என்பது எந்த அரசும் கொடுத்ததல்ல. துபாயில் 1999-இல் திறந்த புர்ஜ் அல் அரபைப் பார்த்து வியந்துபோன ஒரு பத்திரிகையாளர் எழுதியது அப்படியே நிலைத்துவிட்டது.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர் நடத்தும் சமையலறைக்கு நியூயார்க்கில் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது என்று படித்தேன். மிஷலின் என்றால் டயர் கம்பெனி அல்லவா? டயர் செய்கிறவர்களுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு? நம் ஊர்க் கடைகளுக்கு ஏன் அது கிடைப்பதில்லை?
— ஒரு வாசகி, நத்தம்

அதே டயர் கம்பெனிதான். பிரான்சில் கார்கள் மிகச் சிலவாக இருந்த 1900-இல், மிஷலின் சகோதரர்கள் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், இரவு எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. மனிதர்கள் அதிகம் ஊர் சுற்றினால் டயர் அதிகம் தேயும் என்ற எளிய வியாபார புத்திதான். 1926-இல் நல்ல உணவகங்களுக்கு ஒரு நட்சத்திரம் போடத் தொடங்கி, 1930-களில் அதை மூன்று படிகளாக்கினார்கள். அவற்றின் பொருளைப் பாருங்கள்: இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம், மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் போகலாம். எவ்வளவு தூரம் வண்டி ஓட்டலாம் என்பதுதான் அளவு. டயர்க்காரருக்குப் பொருத்தமான அளவு.

மற்ற நட்சத்திரங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது, கொடுக்கிற விதம். ஆய்வாளர்கள் தாங்கள் யாரென்று சொல்லாமல் சாதாரண வாடிக்கையாளராக வந்து, சாப்பிட்டு, பில்லையும் தாங்களே கட்டிவிட்டுப் போகிறார்கள். மேசை விரிப்பையும் அலங்கார விளக்கையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, தட்டில் இருப்பதை மட்டுமே பார்க்கிறோம் என்கிறார்கள். அதனால்தான் 2016-இல் சிங்கப்பூரின் உணவங்காடிக் கடையொன்று, கோழியும் சோறும் விற்கிற கடை, ஒரு நட்சத்திரம் வாங்க முடிந்தது. அதே கடை 2021-இல் அதை இழக்கவும் நேர்ந்தது. நட்சத்திரம் உணவகத்துக்குத்தான், சமையல்காரருக்கு அல்ல. ஆண்டுதோறும் மறுபடி பார்க்கிறார்கள்.

நீங்கள் குறிப்பிடுகிறவர் விஜய் குமார். அவர் சமைக்கும் ‘செம்ம’ 2021-இல் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் தொடங்கி, 2022-இல் நட்சத்திரம் பெற்றது. நத்தைப் பிரட்டலை அங்கே தட்டில் வைக்கிறார்கள். வயற்காட்டில் பொறுக்கிய நத்தையைக் கிராமத்துக்கு வெளியே சொல்லக் கூச்சப்பட்ட தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது என்பதால், எனக்கு அந்த நட்சத்திரத்தைவிட அந்த உணவுப் பட்டியலே பெரிய செய்தியாகப் பட்டது. சிங்கப்பூரில் பினாங்குத் தமிழரான மனோ தேவரின் ‘தேவர்’ உணவகம் 2022-இல் இரண்டு நட்சத்திரத்துக்கு உயர்ந்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கடைகளுக்குக் கிடைக்காததற்குக் காரணம் ருசி அல்ல, மிஷலினுக்கு இந்தியப் பதிப்பே கிடையாது. தேர்வு நடக்காத ஊரில் யாரும் பெயிலும் ஆவதில்லை.

இன்ஸ்பெக்டர் தோளிலும் டி.எஸ்.பி. தோளிலும் மூன்று நட்சத்திரம்தான் இருக்கிறது. எப்படி அடையாளம் காண்பது?
— ஒரு மாணவர், தேனி

தோள்பட்டையின் ஓரத்தைப் பாருங்கள். சிவப்பும் நீலமும் கலந்த நாடா இருந்தால் இன்ஸ்பெக்டர், நாடா இல்லாவிட்டால் டி.எஸ்.பி. ராணுவத்தில் இது இன்னும் வேடிக்கையானது. கேப்டன் தோளில் மூன்று நட்சத்திரம். லெப்டினன்ட் ஜெனரல் தோளில் சிங்க முத்திரையும் குறுக்கிட்ட வாளும் கோலும் உண்டு, நட்சத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அவர் காரில் உள்ள தட்டில் மூன்று நட்சத்திரம் இருக்கும். தோளை வைத்து எண்ணுவது ஒரு வரிசை, காரை வைத்து எண்ணுவது வேறொரு வரிசை.

கார் வாங்க இருக்கிறோம். பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்ற சின்ன கார், 4 நட்சத்திரம் பெற்ற பெரிய காரைவிடப் பாதுகாப்பானதா?
— ஒரு வாசகர், சேலம்

நட்சத்திரத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய இயலாது. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்க 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் பாரத் என்கேப் சோதனையில், காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், நசுங்கக்கூடிய ஒரு தடுப்பின் மீது முன்புறத்தின் ஒரு பகுதி மட்டும் இடிக்கும்படி மோதவிடுகிறார்கள். இது ஏறக்குறைய தன் எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். ஆகவே சின்ன கார் தன் ஜாதியில் முதலிடம் வாங்கியிருக்கலாம். எதிரே வருவது இரு மடங்கு எடையுள்ள வண்டி என்றால் அந்த மதிப்பெண் அப்படியே பொருந்தாது. ஒரே அளவுள்ள கார்களுக்கிடையே ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பு 32-க்கு எத்தனை, குழந்தைகளுக்கு 49-க்கு எத்தனை என்று தனித்தனி மதிப்பெண் உண்டு. வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். சோதனையில் உட்கார வைக்கும் பொம்மைகள் பெல்ட் போட்டிருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணையத்தில் ஒரு மிக்சிக்கு 4.8, இன்னொன்றுக்கு 4.3. முதலாவதையே வாங்கலாமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

எத்தனை பேர் போட்டது என்று நீங்கள் எழுதவில்லை. 4.8 என்பது 30 பேர் போட்டது என்றால், இன்னும் மூன்று பேர் வந்து ஒற்றை நட்சத்திரம் போட்டாலே அது ஏறத்தாழ 4.45 ஆகிவிடும். 4.3 என்பது 6000 பேர் போட்டது என்றால் அதே மூன்று பேரால் அதை அசைக்கவே முடியாது. நான் வாங்கிய ஒரு பொருளின் பெட்டிக்குள், 5 நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் நூறு ரூபாய் தருகிறோம் என்று ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. அதற்குப் பிறகு நான் 2, 3 நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டுமே படிக்கிறேன். கோபமும் கூலியும் இல்லாமல் எழுதுகிறவர்கள் அவர்கள்தான். இத்தகைய மதிப்புரைகளைத் திரட்டி வெளியிடுவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது, ஆனால் அது கட்டாயமாக்கப்படவில்லை. ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஆப் டாக்ஸி ஓட்டுகிறேன். நல்லபடியாக இறக்கிவிட்ட ஒரு பெரியவர், சிரித்துக்கொண்டே 4 நட்சத்திரம் போட்டார். என் சராசரி இறங்கிவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்?
— ஒரு ஓட்டுநர், சென்னை

தவறு உங்களுடையது அல்ல. உங்கள் தொழிலில் எல்லோருமே 5 வாங்குவதால், 5 என்பது பாஸ் மார்க்காகவும் 4 என்பது புகாராகவும் ஆகிவிட்டது. இது ஓட்டுநர்களுக்குத் தெரியும், பயணிகளுக்கு யாரும் சொல்வதில்லை. அந்தப் பெரியவர் பள்ளிக்கூட நினைவில், நூற்றுக்கு எண்பது கொடுத்து உங்களை முதல் வகுப்பில் தேற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கிப் போயிருப்பார்.