மெல்லிய தகடு வெல்டிங்கில் நெளியாமல் இருக்க மிக் நல்லதா, டிக் நல்லதா?

கேள்வி கேட்டவர் 2 மி.மீ. இரும்புத் தகட்டை ஹாலோ சட்டத்தில் (உள்ளே வெற்றான குழாய்ச் சட்டம்) வைத்து, ராடு போட்டுப் பற்றவைக்கும் ஆர்க் வெல்டிங்கில் கேட் செய்கிறார். ஆறியதும் தகடு நெளிந்துவிடுகிறதாம். எந்த மெஷின் வாங்கினால் இது நிற்கும் என்று கேட்கிறார்.

மிக் (வயர் தானாக ஓடிவந்து உருகும் மெஷின்) கண்டிப்பாக உதவும். ஆனால் இப்போது போடும் அளவுக்கே வெல்டு போட்டால் மிக்கிலும் நெளியும். நான் மலேசியாவில், பினாங்கின் பிறைப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். இதை ஒரு மேசையில்தான் கற்றுக்கொண்டேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் ஆறடி மேசை இரண்டு கேட்டார்கள். மேலே 1.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு, 304 என்ற ரகம். அடியில் தாங்குவதற்கு ஆங்கிள் (L வடிவச் சட்டம்). முதல் மேசையின் ஆங்கிளை டிக்கில் (உருகாத டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் முறை) இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கும் பற்றவைத்தேன். வெல்டு வரிசை வரிசையாக அழகாக விழுந்திருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தால் தகடு நடுவில் எழும்பி நிற்கிறது. கையால் அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போகும், கையை எடுத்தால் ‘டப்’ என்று மேலே வரும். பட்டறைப் பெரியவர் வந்து பார்த்தார். “தம்பி, இந்த ஆங்கிள் எங்கேயும் ஓடிப் போகாது. சாணுக்கு ஒரு விரல்கடை போட்டால் போதும்” என்றார்.

இரண்டாவது மேசைக்கு 150 மி.மீ.க்கு ஒரு இடம், ஒவ்வொன்றும் 25 மி.மீ. நீளம். நடுவில் தொடங்கி, ஆங்கிளின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் தள்ளி ஒன்று என்று மாற்றி மாற்றி ஓரத்துக்குப் போனேன். போட்ட இடத்தைக் கையால் தொட முடிகிற அளவுக்குச் சூடு இறங்கிய பிறகுதான் பக்கத்து இடத்துக்குப் போனேன். பாதி நாள் ஆனது. தகடு சமமாகவே இருந்தது. முதல் மேசைக்குப் புதுத் தகடு வெட்ட வேண்டியதாகிவிட்டது.

ஏன் இப்படி என்றால், பற்றவைக்கும் இடம் சூட்டில் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. அதனால் அந்த இடம் தனக்குள்ளேயே நசுங்கிவிடும். ஆறும்போது முன்பிருந்ததைவிடக் குறுகி, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுக்கும். ஸ்டெயின்லெஸ் இன்னும் மோசம். ஒரு மீட்டர் சாதா இரும்பு 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மி.மீ. நீளும், 304 சுமார் 1.7 மி.மீ. நீளும். அதோடு 304 சூட்டைக் கடத்துவதும் சாதா இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சூடு போட்ட இடத்திலேயே தேங்கி நிற்கும்.

மெஷினைவிடக் கையின் வேகம் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு பாருங்கள். 20 வோல்ட், 120 ஆம்பியர், நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகம் என்றால் ஒரு மி.மீ. நீளத்துக்கு 480 ஜூல் சூடு. அதே செட்டிங்கில் 150 மி.மீ. வேகத்தில் போனால் 960. டிக் சுத்தமான வெல்டு தரும், ஆனால் வேகம் குறைவு. நீண்ட தையலில் மெதுவாகப் போனால் தகட்டுக்குச் சூடு நிறைய ஏறும். கேட் வேலைக்கு 0.8 மி.மீ. வயர் போட்ட மிக்தான் என் தேர்வு. தீச்சுடரில் பற்றவைக்கும் கேஸ் வெல்டிங்கை இந்தத் தகட்டில் நினைக்கவே வேண்டாம். வெளியே காற்றில் வேலை என்றால் மிக்கில் வெல்டைக் காக்கும் கேஸ் நிற்காது, அங்கே 2 மி.மீ. அல்லது 2.5 மி.மீ. ராடு வைத்து ஆர்க்கே போடுங்கள்.

அப்புறம் வெல்டின் பருமன். “கொஞ்சம் கனமாக இருக்கட்டும்” என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு இதில் கோபமே வரும். மூலை வெல்டின் கால் அளவு (ஒவ்வொரு தகட்டின் மேலும் வெல்டு படியும் அகலம்) 4 மி.மீ. போதும் என்கிற இடத்தில் 6 மி.மீ. போட்டால் உள்ளே போகும் உலோகம் இரண்டேகால் மடங்கு. சுருங்கி இழுப்பதும் அதற்கேற்பக் கூடும். இடைவெளி விழுந்த மூட்டை வெல்டால் நிரப்புவதும் இதே தப்புதான். அரை மணி நேரம் கூடுதலாகத் தேய்த்துப் பொருத்துங்கள்.

தண்ணீர் கசியக் கூடாத இடத்தில் விட்டுவிட்டுப் போட முடியாது. அங்கே முதலில் 40, 50 மி.மீ.க்கு ஒரு டேக் (பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டு) வையுங்கள். பிறகு சிறு சிறு துண்டாக, வேலை முன்னே போனால் ஒவ்வொரு துண்டையும் பின்பக்கமாக இழுத்து முந்தின துண்டின் தொடக்கத்தில் முடியுங்கள். அடியில் தடித்த செம்புப் பட்டையோ அலுமினியப் பட்டையோ வைத்துக் கிளாம்ப் போட்டால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். முழுக்க ஆறும் வரை கிளாம்பை எடுக்காதீர்கள். பாரம் தாங்கும் வேலையில் மட்டும் வரைபடத்தில் சொன்ன நீளத்தைக் குறைக்கவே கூடாது.

உங்கள் கேட்டுக்கு முதலில் சட்டத்தைத் தனியாக முடித்து, ஆறவிட்டு, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று டேப் பிடித்துப் பாருங்கள். அதன் பிறகு தகட்டை வைத்து நான்கு பக்கமும் நடுவில் ஒரு டேக், பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மூலைகளை நோக்கி. ஆர்க் மெஷினை வைத்தே இந்த வாரம் ஒரு சின்னச் சட்டத்தில் செய்து பாருங்கள், மிக்குக்குப் பணம் போடுவதை அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.