ஃப்ரீசர் சுவரில் ஆறு கை பனி நட்சத்திரம் ஏன் வரவில்லை?

குளிர் போதாமல் இல்லை. சுவரில் ஒட்டி நெருக்கியடித்து வளர்வதால்தான் உங்கள் ஃப்ரீசரில் நட்சத்திரத்துக்குப் பதில் வெள்ளைப் பொருக்கு படிகிறது. ஆறு பக்கமும் கை நீட்ட, படிகத்தைச் சுற்றிக் காற்று வேண்டும். ஊட்டிப் புல்வெளி உறைபனிக்கும் இதே கதைதான்.

அப்புறம் வெப்பநிலை. மைனஸ் 2 டிகிரி அருகே தகடு, மைனஸ் 5-இல் ஊசி, மைனஸ் 15-ஐ ஒட்டி ஈரமும் நிறைய இருந்தால் கிளைவிட்ட நட்சத்திரம். 1936-இல் ஜப்பானிய இயற்பியலாளர் நகாயா முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தது ஒரு முயல் முடியின் மேல்!

கோபிச்செட்டிபாளையத்தில் உங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு இதைச் செய்து பாருங்கள்:

1. பிளாஸ்டிக் பாட்டிலின் உள்ளே, அடிப்பாகத்தில் ஈர ஸ்பாஞ்சும் மெல்லிய தூண்டில் நரம்பும் பொருத்தித் தலைகீழாக நிறுத்துங்கள். நரம்பு நேராகத் தொங்க நுனியில் ஒரு கிளிப்.
2. தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பாட்டிலின் கீழ்ப்பாதியைச் சுற்றி உடைத்த டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) கொட்டுங்கள். கோவையில் வாங்கினால் அன்றைக்கே வாங்குங்கள், வழியிலேயே ஆவியாகிக்கொண்டு வரும்.

நரம்பில் ஊசியாகவே வந்தால் அந்த உயரத்தில் குளிர் குறைவு. இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொட்டுங்கள்.

டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி. தடித்த கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெட்டியை இறுக்கி மூடவே கூடாது. நரம்பிலும் ஆறு கையும் முழுசாக வராது. கிளைகள் லென்ஸில் அழகாகத் தெரியும்.